எவ்வளவு என்ற கேள்வி

மருந்தியல் கல்லூரியில் பாடம் நடத்தும் எனக்குச் சில ஆண்டுகளாக ஓர் உறுத்தல் இருந்துகொண்டிருக்கிறது. மருந்தின் அளவு குறைந்தால் விளைவும் குறையும் என்று பார்மக்காலஜி தாளில் வரைபடத்தோடு எழுதும் அதே மாணவி, நீர்க்க நீர்க்க மருந்தின் வீரியம் கூடும் என்று, இயற்கை மருந்துப் பொருள்களைப் பற்றிய பார்மகோக்னஸி தாளில் எழுதுகிறாள். இரண்டிலும் ஒரே கையெழுத்து, ஒரே நீல மை, தலைப்புகளுக்கு அடியில் அளவுகோல் வைத்து இழுத்த ஒரே மாதிரிக் கோடு. இரண்டுக்கும் முழு மதிப்பெண் கிடைக்கிறது, போடுகிறவர்களும் நாங்கள்தான். அவள் மீது குற்றம் ஏதும் இல்லை. கேட்ட கேள்விக்குப் பாடநூலில் இருந்ததை எழுதினாள். ஆனால் இந்த இரண்டு வாக்கியங்களும் ஒரே தலைக்குள் அருகருகே இருந்தும் ஒன்றையொன்று உரசிக்கொள்ளாமல் எப்படிக் கிடக்கின்றன என்பதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. வகுப்பில் இதைக் கேட்டபோது, "அது அலோபதி மேடம், இது ஹோமியோபதி" என்று பதில் வந்தது. குரலில் தயக்கம் இல்லை. அந்தப் பதிலில் ஒரு மரியாதை இருக்கிறது. யாருடைய நம்பிக்கையையும் புண்படுத்தக்கூடாது என்ற நல்ல வளர்ப்பு இருக்கிறது. ஆனால் பிப்பெட்டின் நுனியிலிருந்து விழும் சொட்டுக்கு அது எந்தப் பாடவேளை என்று தெரியாது. தண்ணீர் அதே தண்ணீர், ஸ்பிரிட் அதே ஸ்பிரிட், குடுவை அதே குடுவை. பாடத்தின் பெயர் மாறினால் கரைசலின் குணமும் தலைகீழாகும் என்று எழுதிப் பழகியவள் நாளை மருந்துக்கடைக் கவுன்டரில் நிற்கப்போகிறாள். இரண்டு மருந்துகளையும் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் அவள் முன் வந்து நிற்பார். அப்போது அவளுக்கு உதவ எந்த நோட்டும் இருக்காது.

பி.பார்ம் பாடத்திட்டத்தில் ஹோமியோபதி வரும் இடம் நான்காம் செமஸ்டர் பார்மகோக்னஸியின் நான்காவது அலகு. அலோபதி, ஆயுர்வேதம், யுனானி, சித்தா, ஹோமியோபதி, சீன மருத்துவம் ஆகியவற்றில் பார்மகோக்னஸியின் பங்கு என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அந்த அலகு அடுத்த தலைப்புக்குப் போய்விடுகிறது. நீர்த்தல் கணக்கும் சதவீதக் கரைசலும் குழந்தைகளுக்கான அளவைக் கணக்கிடும் சூத்திரங்களும் முதல் செமஸ்டரிலேயே முடிந்துபோயிருக்கும். அவகாட்ரோ எண் அதற்கும் முன்னால், பள்ளிக்கூட வேதியியலில். மருந்துச் சட்டங்கள் ஐந்தாம் செமஸ்டரில் வரும், தர உறுதி ஆறாவதில். புள்ளியியலும் ஆய்வு முறையியலும் எட்டாவதில், மாணவர்களின் கவனம் நேர்முகத் தேர்வுகளுக்குப் போய்விட்ட பிறகு. ஹோமியோபதியைப் பற்றி ஒரு மருந்தாளுநர் யோசித்து முடிவுக்கு வர என்னென்ன வேண்டுமோ அத்தனையையும் நாங்கள் இந்த நான்கு ஆண்டுகளில் சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். அவை ஒன்றையொன்று சந்திக்கும் ஒரு மணி நேரம் மட்டும் கால அட்டவணையில் இல்லை. அந்த அலகில் எனக்கு இன்னொரு குறையும் தெரிகிறது. நிலவேம்பில் ஆண்ட்ரோகிராஃபோலைடு இருக்கிறது. அதன் கசப்பை நாக்கே சொல்லும், அளவைக் கருவி சொல்லும். சித்த மருத்துவத்தின் பற்பங்களிலும் செந்தூரங்களிலும் உலோகம் இருக்கிறது. எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு உடம்பில் சேர்கிறது என்று அளக்கலாம், கவலைப்படலாம், வாதாடலாம். உயர் வீரிய ஹோமியோபதி மருந்தில் வாதமே வேறு இடத்தில் தொடங்குகிறது. 1796-இல் ஜெர்மானிய மருத்துவர் சாமுவேல் ஹானிமன் எழுதிய கட்டுரையிலிருந்து கிளைத்த ஒரு முறையை, நம் ஊர்க் கசாயங்களோடு ஒரே வரிசையில் நிறுத்தும்போது இரண்டுக்குமே அநீதி நடக்கிறது.

ஆய்வுக்கூடத்தில் இதைச் செய்துகாட்டலாம், செலவும் அதிகமில்லை. ஒரு சதவீதப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசல், கத்தரிப்பூ நிறத்தையும் தாண்டிய அடர்த்தி. அதில் ஒரு மில்லியை எடுத்து நூறு மில்லி குடுவையில் விட்டு, கோடுவரை தண்ணீர் நிரப்பிக் குலுக்கினால் நல்ல இளஞ்சிவப்பு. ஹோமியோபதியின் மொழியில் அது ஒரு சி. அதிலிருந்து ஒரு மில்லியை அடுத்த குடுவைக்கு மாற்றினால், வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்தால்தான் தெரியும் சாயல். மூன்றாவது குடுவையில் கண்ணுக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. கண் தோற்ற இடத்திலிருந்து நுட்பமான கருவிகள் இன்னும் கொஞ்ச தூரம் போகும். அப்புறம் அவையும் நின்றுவிடும், கணக்கு மட்டும் தனியே நடக்கும். பன்னிரண்டாவது குடுவைக்கு அருகில் கணக்கும் நின்றுவிடுகிறது. 58.5 கிராம் சமையல் உப்பில், அதாவது ஒரு மோலில், 6.022-ஐப் பத்தின் 23ஆம் அடுக்கால் பெருக்கிய அளவு அலகுகள் இருக்கின்றன. பன்னிரண்டு முறை நூறு நூறாக நீர்த்தால் வகுக்கும் எண் பத்தின் 24ஆம் அடுக்கு. அந்தக் குடுவையில் ஒன்றாவது இருக்குமா என்பதே சந்தேகம். கடையில் சாதாரணமாக விற்பது முப்பது சி. அங்கே வகுக்கும் எண் ஒன்றுக்குப் பின்னால் அறுபது சுழியங்கள். தொடங்கிய பொருளின் ஒரே ஒரு மூலக்கூறைச் சந்திக்க வேண்டுமானால் எவ்வளவு தண்ணீரைக் குடிக்க வேண்டும் என்று மாணவர்களைக் கணக்கிடச் சொல்வேன். பூமியின் எடையைப் போல ஏறக்குறைய 500 கோடி மடங்கு என்று விடை வரும்போது வகுப்பில் முதலில் சிரிப்பும் பிறகு ஓர் அமைதியும் பரவும். அந்தச் சிரிப்பை நான் விரும்புவதில்லை. ஹானிமனின் நூல் ‘ஆர்கனன்’ வெளிவந்தது 1810-இல். அவகாட்ரோ தன் கருதுகோளை வெளியிட்டது 1811-இல். மூலக்கூறுகளின் எண்ணிக்கையை லோஷ்மிட் மதிப்பிடத் தொடங்கியது 1865-இல், ஹானிமன் இறந்து இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து. பொருளைப் பிரித்துக்கொண்டே போனால் ஓர் எல்லை வரும் என்பதை அவருக்குச் சொல்ல அன்று யாரிடமும் எண் இருக்கவில்லை. நம்மிடம் இருக்கிறது. வேறுபாடு அவ்வளவுதான், அதுவே முழு வேறுபாடும்.

ஹோமியோபதியின் பிறப்பிடம் ஒரு மரப்பட்டை. எங்கள் பார்மகோக்னஸி ஆய்வுக்கூடத்தின் கண்ணாடிச் சாடியிலும் அது இருக்கிறது: சின்கோனா, கருஞ்சிவப்பாக, உடைத்தால் நாராகப் பிளக்கும், நாக்கில் வைத்தால் தொண்டைவரை கசக்கும். 1790-இல் ஸ்காட்லாந்து மருத்துவர் வில்லியம் கல்லனின் நூலை ஜெர்மனில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த ஹானிமன், அந்தப் பட்டை காய்ச்சலைக் குணப்படுத்துவதற்குக் கல்லன் சொன்ன காரணத்தை ஏற்காமல் தானே அதைத் தின்று பார்த்தார். காய்ச்சலின் அறிகுறிகள் தன் உடம்பில் தோன்றியதாக எழுதினார். உடல்நலத்தோடு இருப்பவனுக்கு எது நோயின் சாயலைத் தருகிறதோ அது நோயாளிக்கு மருந்தாகும் என்ற எண்ணம் அங்கே தொடங்கியது. அவர் தின்றது எடைபோட்ட பட்டை என்பதை மாணவர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். நீர்த்துக்கொண்டே போகும் வழக்கம் பின்னால் வந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து, 1820-இல், பாரிஸில் பெல்லத்தியே, கவாந்து என்ற இரண்டு மருந்தாளுநர்கள் அதே பட்டையிலிருந்து கொயினாவைத் தனியே பிரித்தார்கள். அதற்குப் பிறகு ஒரு மரத்தின் பட்டைக்கும் இன்னொரு மரத்தின் பட்டைக்கும் உள்ள வேறுபாட்டை எண்ணால் சொல்ல முடிந்தது. காய்ச்சல்காரருக்கு எவ்வளவு தேவை, எவ்வளவுக்கு மேல் காது இரையும் என்று சொல்ல முடிந்தது. 1860-களில் அந்த மரம் நீலகிரிக்கு வந்தது. தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன. அதன் நான்கு அல்கலாய்டுகளை நோயாளிகளுக்குக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்க 1866-இல் சென்னை மாகாணத்திலும் ஓர் ஆணையம் அமைந்தது. ஒரே பட்டை. ஹானிமன் போன பாதை பட்டையைக் கரைத்து இல்லாமலாக்கியது; பெல்லத்தியேவும் கவாந்துவும் போன பாதை அதற்குள்ளிருந்த பொருளைக் கையில் எடுத்துத் தராசில் வைத்தது. கொயினாவைக் கண்டறியும் சோதனையில் புரோமின் நீரும் அம்மோனியாவும் சேர்ந்ததும் சோதனைக்குழாயில் மரகதப் பச்சை மின்னும்போது, தாங்கள் எந்தப் பாதையின் வாரிசுகள் என்று மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆனாலும் ஹானிமனைக் கேலிப்பொருளாக்கி வகுப்பை முடிக்க எனக்கு மனம் வருவதில்லை. அவர் காலத்து மருத்துவம் ரத்தத்தை வடித்தது, பாதரச உப்பைக் கொடுத்துப் பல்லும் ஈறும் கழல வைத்தது, பேதிக்குக் கொடுத்து உடம்பை வற்றடித்தது. 1792-இல் பேரரசர் இரண்டாம் லியோபோல்டு மீண்டும் மீண்டும் ரத்தம் எடுக்கப்பட்டு இறந்தபோது அதை வெளிப்படையாகக் கண்டித்தவர் ஹானிமன். குறைவாகக் கொடு, ஒரு நேரத்தில் ஒரே மருந்தைக் கொடு, நோயாளி சொல்வதை முழுக்கக் கேள் என்று அவர் வற்புறுத்தியது அந்தக் காலத்துக்குப் பெரிய நன்மை. 1854-இல் லண்டனில் காலரா பரவியபோது அங்கிருந்த ஹோமியோபதி மருத்துவமனையில் இறந்தவர்கள் நூற்றுக்குப் பதினாறு பேர், மற்ற மருத்துவமனைகளில் பாதிக்கும் மேல். இந்த எண்ணை ஹோமியோபதியர்கள் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். இதை மறைக்க வேண்டியதில்லை, மாணவர்களோடு சேர்ந்து வாசிக்க வேண்டும். இரண்டு இடங்களிலும் சேர்ந்த நோயாளிகள் ஒரே நிலையில் இருந்தார்களா? ஓர் இடத்தில் உடம்பிலிருந்து மேலும் நீரை இழக்க வைத்தார்கள், இன்னோர் இடத்தில் அப்படிச் செய்யவில்லை என்றால், காப்பாற்றியது மருந்தா, விட்டுவைத்ததா? இந்தக் கேள்விகளோடு 1971-க்கு வர வேண்டும். வங்கதேசப் போரின் அகதிகள் நிறைந்த பன்காவ் முகாமில் காலரா. ஊசிவழி நீர் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மஹலனபீஸ் உப்பையும் குளுகோஸையும் சோடாவையும் பொட்டலங்களாகக் கட்டச் செய்து, தண்ணீரில் கரைத்து உறவினர்களே புகட்டும்படி செய்தார். அவர் பொறுப்பில் இருந்தவர்களில் சாவு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. இன்று உலக சுகாதார நிறுவனத்தின் கரைசலில் ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுகோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட். ஹோமியோபதியின் நேட்ரம் மூரும் உப்பில் தொடங்குவதுதான், அதன் உருண்டையும் சர்க்கரைதான். அகதி முகாமில் அதே உப்பும் சர்க்கரையும் உயிரைக் காத்தன, ஏனென்றால் எவ்வளவு என்று அங்கே ஒருவருக்குத் தெரிந்திருந்தது.

உப்பைப் பற்றிய இன்னொரு வரலாறு எங்கள் பாடநூல்களில் இல்லை, இருந்திருக்க வேண்டும். 1835-இல் ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரத்தில் ஹோமியோபதியை விமர்சித்த ஒரு மருத்துவருக்கும் ஆதரித்த ஒரு மருத்துவருக்கும் சண்டை முற்றியது. முப்பது முறை நீர்த்த உப்பை உண்டால் உடம்பில் வழக்கத்துக்கு மாறான உணர்வுகள் தோன்றியே தீரும் என்று ஆதரவாளர் சவால் விட்டார். ஊர்க்காரர்கள் ஒரு மதுக்கூடத்தில் கூடினார்கள். பனி உருகிய நீரைக் காய்ச்சி வடித்து, அதில் ஒரு குன்றி உப்பைக் கரைத்து, சொன்னபடியே முப்பது படிகள் நீர்த்தார்கள். பாதிச் சீசாக்களில் அதையும் மீதியில் வெறும் பனிநீரையும் நிரப்பி, எண் இட்டு, கலைத்து, எது எதில் என்ற பட்டியலை முத்திரையிட்டு மூடினார்கள். குடித்தவருக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. ஐம்பது பேர் திரும்பி வந்து சொன்னார்கள். 42 பேருக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஏதோ தோன்றியதாகச் சொன்ன எட்டுப் பேரில் ஐவர் குடித்தது நீர்த்த உப்பு, மூவர் குடித்தது வெறும் நீர். இரட்டை மறைப்புச் சோதனை என்று நாங்கள் எட்டாம் செமஸ்டரில் கரும்பலகையில் வரையறை எழுதிப் போடும் ஒன்றை, நூறாண்டுக்கும் மேல் முன்பே கடைக்காரர்களும் பத்திரிகைக்காரர்களுமாகச் சேர்ந்து செய்து பார்த்திருக்கிறார்கள். ஏன் மறைக்க வேண்டும், ஏன் கலைக்க வேண்டும், வெறும் நீரைக் குடித்த மூவருக்கும் ஏன் ஏதோ தோன்றியது என்று கேட்டால் போதும், புள்ளியியலின் பாதி அங்கேயே வந்துவிடும். மனித உடம்பு சும்மா இருக்கும்போதும் எதையாவது உணர்ந்துகொண்டேதான் இருக்கிறது. அந்த உணர்வுக்கும் விழுங்கிய பொருளுக்கும் தொடர்பு உண்டா என்று கண்டுபிடிக்க, விழுங்காதவர்களையும் கேட்டாக வேண்டும்.

இவ்வளவும் சொல்லி முடித்த ஒரு வகுப்பில் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "அப்ப எங்க அம்மாவுக்கு எப்படி மேடம் சரியாச்சு?" பல வருடத் தோல் அரிப்பு, கை முழுக்கத் தடிப்பு, எத்தனையோ களிம்புகள், ஹோமியோபதி டாக்டரிடம் போனபின் ஒரு கோடையோடு அடங்கியதாம். அந்தக் கேள்விக்கு முன்னால் என் கணக்குகள் சற்று நேரம் வாயடைத்து நின்றன. மூலக்கூறு இல்லை என்பது அவள் அம்மாவின் கை ஆறியதை அழிக்காது. ஆறியது நிஜம். ஏற்ற இறக்கமுள்ள நோய்கள் மிக மோசமான கட்டத்தில்தான் நம்மைப் புது மருத்துவரிடம் அனுப்புகின்றன, அதற்குப் பிறகு பெரும்பாலும் தாமாகவே இறங்குகின்றன என்று சொன்னேன். அந்த டாக்டர் எவ்வளவு நேரம் பேசினார் என்று கேட்டேன். முதல் நாள் ஒரு மணி நேரத்துக்கும் மேல் என்றாள். எந்தப் பக்கம் படுப்பீர்கள், தாகம் எப்படி, என்ன கனவு வருகிறது, எதற்குப் பயப்படுவீர்கள் என்றெல்லாம் கேட்டாராம். அவளுடைய அம்மாவிடம் அப்படி யாரும் அதற்குமுன் கேட்டதே இல்லையாம். அந்த ஒரு மணி நேரம் எதையும் செய்திருக்காது என்று சொல்ல நான் யார்? அதே நேரம், நம்பிக்கையே எல்லாவற்றையும் ஆற்றிவிடும் என்று மாணவர்களை அனுப்பிவிடவும் கூடாது. போலி மாத்திரை கொடுத்தவர்களையும் ஒன்றுமே கொடுக்காதவர்களையும் ஒப்பிட்டு டென்மார்க்கின் இரண்டு ஆய்வாளர்கள் 2001-இல் வெளியிட்ட தொகுப்பில், வலி போன்ற, நோயாளியே சொல்லக்கூடிய அறிகுறிகளில் சிறு வேறுபாடு தெரிந்தது. அதற்கு அப்பால் அதிகமில்லை. வலி குறைந்தது என்று உணர்வது பெரிய விஷயம்தான். ஆனால் சர்க்கரை அளவும் ரத்த அழுத்தமும் காசநோய்க் கிருமியும் நம்பிக்கைக்கு அப்படி வளைந்துகொடுப்பதில்லை. அவள் அம்மாவுக்கு ஏன் சரியானது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றேன். ஒருவரை வைத்து யாராலும் சொல்ல முடியாது என்பதால்தான் பலரை வைத்துச் சோதிக்கிறோம் என்றும் சொன்னேன். அவள் உட்கார்ந்தாள். திருப்தியானாளா என்று தெரியவில்லை.

கேள்விகள் அதோடு நிற்பதில்லை. படிக்கிற மாணவர்கள் தேடி வருகிறார்கள். 2010-இல் மும்பை ஐஐடி ஆய்வாளர்கள் முப்பது சி, இருநூறு சி மருந்துகளிலும் உலோக நுண்துகள்கள் இருப்பதாக வெளியிட்ட கட்டுரையைக் கைபேசியில் காட்டுகிறார்கள். நல்லது, வாசிப்போம் என்கிறேன். தங்கம், செம்பு, வெள்ளி போன்ற உலோகங்களில் தொடங்கும் மருந்துகள் மட்டும்தான் அதில் சோதிக்கப்பட்டன. உப்பும் சின்கோனாவும் இல்லை. ஆறு சிக்கு மேல் துகளின் அளவு ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நின்றதாக அதே கட்டுரை சொல்கிறது. அப்படியானால் ஒவ்வொரு படியிலும் வீரியம் கூடுகிறது என்ற கோட்பாட்டுக்கு என்ன ஆகும்? ஒரு பொருள் இருப்பதைக் காட்டுவதற்கும் அது நோயைத் தீர்ப்பதைக் காட்டுவதற்கும் நடுவில் ஒரு பாலம் வேண்டாமா? தண்ணீருக்கு ஞாபகம் உண்டு என்று 1988-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஷாக் பென்வெனிஸ்டின் ஆய்வையும் கேட்பார்கள். அந்த இதழின் ஆசிரியரே பாரிஸ் அருகிலிருந்த ஆய்வகத்துக்குக் குழுவோடு போய், எந்தக் குழாயில் எது என்பதை மறைத்துச் செய்யச் சொன்னபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. 2005-இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வு 110 ஹோமியோபதிச் சோதனைகளையும் 110 வழக்கமான மருந்துச் சோதனைகளையும் இணைவைத்துப் பார்த்தது. பெரிய, நன்றாக நடத்தப்பட்ட சோதனைகளை மட்டும் எடுத்துக்கொண்டபோது ஹோமியோபதியின் விளைவு போலி மருந்தின் விளைவோடு ஒத்துப்போனது. 2015-இல் ஆஸ்திரேலியாவின் தேசிய மருத்துவ ஆய்வு மன்றம், ஹோமியோபதி பலனளிக்கிறது என்பதற்கு நம்பத்தகுந்த சான்றுள்ள நோய் ஒன்றுகூட இல்லை என்ற முடிவுக்கு வந்தது. இவற்றின் மீதும் எதிர்வாதங்கள் உண்டு, அவற்றையும் மாணவர்கள் வாசிக்கட்டும். அதிகாரத்தை நம்பச் சொல்லிக்கொடுத்தால் அவர்கள் நாளை வேறொரு அதிகாரத்தை நம்புவார்கள்.

இதைச் சொல்லும்போதே எங்கள் வீட்டின் நிலைமையும் நினைவுக்கு வருகிறது. ஹோமியோபதி உருண்டையில் ஒன்றுமில்லை என்று கணக்குப் போடும் நாங்கள், எங்கள் பாட்டில்களில் என்ன இருக்கிறது என்று எப்போதும் பார்த்திருக்கிறோமா? 1937-இல் அமெரிக்காவில் ஒரு சல்பா மருந்தை டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்து விற்றதில் நூறு பேருக்கும் மேல், அவர்களில் குழந்தைகளும் பலர், சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அடுத்த ஆண்டே புது மருந்து பாதுகாப்பானது என்று விற்பதற்குமுன் காட்ட வேண்டும் என்ற சட்டம் வந்தது. அதை முன்னெடுத்த செனட்டர் ராயல் கோப்லாண்டு ஹோமியோபதி படித்தவர். அதே சட்டத்தில் ஹோமியோபதி மருந்துநூலுக்கும் அங்கீகாரம் இடம்பெற்றது. கிட்டத்தட்ட தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, 2025-இல், மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் அதே விதமாக இறந்தார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தில் அதே டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் இருந்ததாகத் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனை சொன்னது. அந்தச் செய்தி வந்த வாரத்தில் ஹோமியோபதியைப் பற்றிப் பேச எனக்கு நா எழவில்லை. ஆனால் யோசிக்க யோசிக்க, அதுவும் இதே பாடம்தான் என்று படுகிறது. சீசாவில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று கேட்க வேண்டியவர்கள் கேட்காமல் விட்டார்கள். பத்து மில்லிகிராமுக்குக் குறைவான மருந்துள்ள மாத்திரை என்றால் ஒவ்வொன்றாக எடுத்துச் சோதிக்கச் சொல்கிறது மருந்துநூல். டிகாக்ஸின் மாத்திரையில் கால் மில்லிகிராம்தான். அது இரட்டித்தால் இதயம் நின்றுபோகலாம். மருந்தாளுநரின் தொழில் அறம் முழுவதும் இந்தக் கேள்வியில் இருக்கிறது. ஓர் இடத்தில் கேட்டு இன்னோர் இடத்தில் கேட்காமல் விட்டால் அது அறமாக இராது, பழக்கமாகிவிடும்.

சட்டத்தைப் படித்தாலும் இந்தக் கேள்வி குறுக்கே வருகிறது. இந்தியாவில் ஹோமியோபதி சட்டப்படி ஏற்கப்பட்ட மருத்துவம். அதற்கென மருந்துநூல் இருக்கிறது. 2020-இன் சட்டப்படி தேசிய ஆணையம் இருக்கிறது. சில்லறை விற்பனைக்குத் தனிப் படிவத்தில் உரிமம் இருக்கிறது. மதுரை திருமங்கலத்தில் அரசுக் கல்லூரி 1975 முதல் இயங்குகிறது. பக்கத்துக் கடைக்காரரைச் சட்டவிரோதி போலப் பேச மாணவர்களுக்கு உரிமை இல்லை. மருந்துச் சட்டத்தின் விதி, பன்னிரண்டு சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள ஹோமியோபதி மருந்தை முப்பது மில்லிக்கு மேல் சீசாவில் அடைத்து விற்கக் கூடாது என்கிறது. மூலப்பொருள் கரைந்துபோன பிறகும் சீசாவில் அளக்க முடிந்த ஒன்று இருக்கிறது, சட்டம் அதை அளக்கிறது. மாணவர்கள் மறுபக்கத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும்: எல்லா ஹோமியோபதி மருந்தும் வெறும் நீர் அல்ல. நீர்க்காத மூலச் சாறான மதர் டிங்ச்சரிலும் குறைந்த வீரியங்களிலும் நிஜமான தாவரச் சாறும் நிஜமான ஆர்சனிக்கும் இருக்கலாம். குழந்தைகளுக்குப் பல் முளைக்கும்போது கொடுக்கும் ஹோமியோபதி மாத்திரைகளில் பெல்லடோனாவின் அளவு ஒன்றுக்கொன்று மாறுபட்டதை 2017-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கண்டு எச்சரித்தது. 2020-இல் கொரோனாவுக்குத் தடுப்பாக ஆயுஷ் அமைச்சகம் ஆர்சனிகம் ஆல்பம் முப்பதைப் பரிந்துரைக்க, தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் அது வீடுவீடாகப் போனது. அந்த மருந்தின் மூலப்பொருளான ஆர்சனிக் ட்ரைஆக்சைடு ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 0.15 மில்லிகிராம் வீதம் ஊசியில் ஏற்றப்படுகிறது, இதயத் துடிப்பைப் பதிவு செய்துகொண்டே. ஒரே பொருள் விஷமாகவும் மருந்தாகவும் ஒன்றுமில்லாததாகவும் இருப்பதை ஒரே பக்கத்தில் எழுதிக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இறுதியில் இதெல்லாம் கவுன்டரில்தான் வந்து நிற்கிறது. வகுப்பில் ஒருவரை நோயாளியாகவும் ஒருவரை மருந்தாளுநராகவும் நிறுத்திப் பேசவைக்கிறேன். "ஏம்மா, நான் ஹோமியோபதியும் பாக்குறேன். இந்த சுகர் மாத்திரைய நிறுத்திடலாமா?" முதலில் நிற்கும் மாணவர்கள் இரண்டு வழிகளில் ஒன்றில் போய்விடுகிறார்கள்: ஒன்று, அதெல்லாம் ஏமாற்று என்று அவரைக் கூசவைப்பது, இல்லை, உங்கள் விருப்பம் என்று நழுவுவது. கூசிப்போனவர் அடுத்த முறை சொல்ல மாட்டார், மாத்திரையை மட்டும் நிறுத்திவிடுவார். நழுவியவள் அவரைத் தனியே விட்டுவிட்டாள். பேசிப் பேசித்தான் ஒரு பதில் கைகூடுகிறது. "ஐயா, இந்த மாத்திரைய மட்டும் டாக்டரக் கேக்காம நிறுத்திடாதீங்க. அடுத்த வாரம் சுகர் பாத்துட்டு வாங்க, சேந்து பாக்கலாம்." அதற்கு மேலும் அவர், "அந்த மருந்து வேல செய்யுமாம்மா?" என்று கேட்டால் உண்மையைச் சொல்லியாக வேண்டும். "அதுல மருந்து இருக்குன்னு அளந்து காட்ட முடியலைங்கய்யா. சோதிச்சுப் பாத்ததுல வெறும் உருண்டைக்கும் அதுக்கும் வித்தியாசம் தெரியல." இரண்டே வாக்கியங்கள். அவற்றைக் குரல் உயராமல், முகம் சுளிக்காமல் சொல்வதற்கு நான்கு ஆண்டுப் படிப்பு முழுவதும் தேவைப்படுகிறது. ஹோமியோபதி டாக்டர் கொடுக்கும் அந்த ஒரு மணி நேரத்தின் ஒரு துளியையாவது நாமும் கொடுக்க வேண்டும் என்பதையும் அவர்களுக்குச் சொல்கிறேன். மக்கள் அங்கே போவதற்கான காரணங்களில் பாதி, நாம் அவர்களை வரிசையில் நிற்கவைத்து அனுப்பிவிடுவதில் இருக்கிறது.

ஹோமியோபதியைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்க வேண்டும் என்று சொல்லும் சக ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நான் அதற்கு உடன்படவில்லை. நீக்கினால் மாணவர்கள் அதைத் தெருவில் கற்றுக்கொள்வார்கள், எங்கள் தராசு இல்லாமல். கோட்பாடுகளை மனப்பாடம் செய்ய வைத்து மதிப்பெண் போட்டுவிட்டு நகர்வது அதைவிட மோசம். ஒரு கல்லூரி தன் கையெழுத்தோடு முரணை ஆசீர்வதிக்கும் செயல் அது. மருந்தியல் ஆசிரியர்களிடம் நான் கேட்பது சிறிய காரியம். நான்காம் செமஸ்டரின் அந்த அலகு வரும்போது ஒரே ஒரு வகுப்பைக் கூடுதலாக ஒதுக்குங்கள். ஆய்வுக்கூடத்தில் நடத்துங்கள். அவகாட்ரோ எண்ணையும் சின்கோனாப் பட்டையையும் நூரம்பெர்க் சீசாக்களையும் சட்டத்தின் விதிகளையும் ஒரே மேசைக்குக் கொண்டுவாருங்கள். மாணவர்களைக் கணக்கிட விடுங்கள், எதிர்த்துக் கேட்க விடுங்கள், தங்கள் அம்மாவைப் பற்றிப் பேச விடுங்கள். தேர்வில் ஹோமியோபதியின் கோட்பாடுகளை விளக்குக என்று கேட்பதோடு நிறுத்தாமல், அவற்றைச் சோதிப்பது எப்படி என்றும் கேளுங்கள்.